சுற்றுக்கு நூறு

விலை சொல்லுங்கால் வாய் நீள்பவனும், முழம் போடுங்கால் கை குறுகுபவனும், கிழிந்த துணியைக் கொண்டுவந்து காட்டினாலும் வாங்கியவர் மீதே பழிபோட்டு அனுப்பும் நாவன்மை படைத்தவனுமாகிய துணிக்கடை வேந்தன் வாழ்க! அப்பெருமகன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், பள்ளிக்கூட விளையாட்டுத் திடலின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு அதிகம் எழாமலே, தான் பெற்ற மகளோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். கல்லாப்பெட்டியே, எம் நாவில் வந்து அமர்வாயாக! அளவுகோலே, கதை நீளாமல் பார்த்துக்கொள்வாயாக!

போர் மூண்ட காரணம் இது. கடல் கடந்த ஒரு நாட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக இரண்டு மணி நேரம் நடக்கிறார்களாம். அவர்கள் அப்படி நடக்காதிருக்க அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். அதற்குப் பணம் திரட்ட இங்குள்ள பிள்ளைகள் நடக்க வேண்டும் என்று தலைமையாசிரியை திருவுளம் கொண்டார். அது எந்த நாடு என்று கேட்டவர் எவருமிலர். பதாகையில் ஒரு சிறுமி பல் தெரியச் சிரித்தாள். அறம் செய்வோர்க்கு அதற்கு மேல் விவரம் எதற்கு?

பெற்றோர்க்கு இருவழி வகுக்கப்பட்டிருந்தது. மொத்தமாக மூவாயிரம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம். அன்றேல், பிள்ளை திடலைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூறு தரலாம். நம் வேந்தன் முதலில் நூறை அறுபதாக்க முயன்றான். ஏழைப் பிள்ளைங்க படிப்பு சார் என்று ஆசிரியை முகம் வாடியதும், தோற்ற சினம் உள்ளே புகைய, சுற்றுக்கணக்கையே தேர்ந்து கையெழுத்திட்டான்.

காரணமின்றிச் செய்வானா வணிகன்? தண்ணீர்க் குவளை கையெட்டும் தூரத்தில் இருக்கையிலும் தாயைக் கூவியழைக்கும் சோம்பல் திலகம் அவன் மகள். தெருமுனையில் நிற்கும் பள்ளிக்கு மழையில்லா நாளிலும் காரிலேயே பவனி வரும் பத்து வயது மகாராணி. மிஞ்சிப் போனால் பத்துச் சுற்று, ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் மிச்சம். இவ்வளவோடு வாயை மூடியிருந்தால் வரலாறே வேறு. ஆனால் பக்கத்து நாற்காலியில், மொத்தப் பணத்தைக் கட்டிவிட்டுக் கால்மேல் கால் போட்டு மரக்கடைக்காரர் வீற்றிருந்தாரே! அவரிடம் தன் சூட்சுமத்தைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடாதா?

"சரக்கு எனக்குத் தெரியும்ணே. பத்துச் சுத்தைத் தாண்டினா என் கடைப் பேரையே மாத்திடறேன்."

நுணலும் தன் வாயால் கெடும். நாற்காலிக்குப் பின்னால் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த சரக்கு நிமிர்ந்து பார்த்தது.

ஊதல் முழங்கியது. இருநூறு கால்கள் கிளப்பிய செம்புழுதி கதிரவனை மறைக்க, கடல் பொங்கியது போல் புறப்பட்ட அச்சிறுவர் சேனை, நாலாம் சுற்றில் தண்ணீர்க் குழாயடியில் பாதியாகவும், ஏழாம் சுற்றில் மரநிழலில் கால்வாசியாகவும் கரைந்துபோக, மரக்கடைக்காரரின் மகனோ மூன்றாம் சுற்றிலேயே ஆயுதங்களைக் களைந்து சிப்ஸ் பொட்டலத்தைச் சரணடைந்தான். வேந்தன் மகள் மட்டும் ஓடாமல், நிற்காமல், கடனை வசூலிக்க வந்தவள் போல் ஒரே சீராக நடந்தாள். சுற்றுக்கொரு முறை உடற்பயிற்சி ஆசிரியர் அவள் கழுத்து அட்டையில் முத்திரை குத்தினார். பதினொன்றாம் முத்திரை விழுந்த ஓசை தந்தையின் நெஞ்சில் இடியென இறங்கியது.

இனிச் சாமம் பயனில்லை என்று தெளிந்து தானத்தைத் தொடுத்தான் வேந்தன். பதினாலாம் சுற்றில் ஐஸ்கிரீம் என்னும் அத்திரம் ஏவினான். அது கையிலேயே உருகி முழங்கையில் வழிந்தது. பதினெட்டில் புது சைக்கிள் ஆசை காட்டினான். இருபத்திரண்டில், குழந்தைக்கு முகம் சிவந்துவிட்டது, மயங்கி விழப்போகிறாள் என்று ஆசிரியரிடம் பேதம் செய்து பார்த்தான். ஆசிரியரோ, உங்க பொண்ணு சிங்கம் சார் என்று மகிழ்ந்து, ஒலிபெருக்கியில் அதை ஊருக்கே அறிவித்துவிட்டார். கைதட்டல் எழுந்தது. வேறு வழியின்றி வேந்தனும் தட்டினான். தன் பணம் போகும் வழிக்குத் தானே மேளம் கொட்டிய முதல் வணிகன் அவனே.

"நீங்க சில்லறையில வாங்கிட்டீங்க," என்றார் மரக்கடைக்காரர், வருத்தம் போன்ற ஒரு குரலில். "நான் மொத்தத்துல முடிச்சுட்டேன்."

முப்பதாம் முத்திரையோடு அட்டையில் கட்டங்கள் தீர்ந்தன. மூவாயிரத்துக்கு மூவாயிரம், நட்டமில்லை, மானமும் மிஞ்சியது. மகள் நின்றாள். அட்டை நிரம்பிடுச்சு, ஆட்டம் முடிஞ்சுது என்று வேந்தன் துண்டும் தண்ணீருமாக எழுந்தோடினான். அவள் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். குதிகாலில் காலுறை நனைந்து சிவந்திருந்ததை அப்போதுதான் கண்டான். கண்டதும் வேந்தன் மறைந்து ஒரு நொடி வெறும் தகப்பன் நின்றான்.

"போதும் கண்ணு, வலிக்கும். உக்காரு."

அவள் அட்டையைப் புரட்டி, வெற்றாக வெளுத்திருந்த பின்பக்கத்தை ஆசிரியருக்குக் காட்டினாள்.

"கடைக்கு என்னப்பா பேரு வெக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, முப்பத்தோராம் சுற்றுக்கு நொண்டி நொண்டிப் புறப்பட்டாள்.

இறுதி ஊதல் முழங்கியபோது முத்திரைகள் முப்பத்தாறு. கோடை இடிபோல் கரவொலி அதிர, பதாகைச் சிறுமி அதே பல்லோடு சிரித்திருக்க, கடல்களையும் கண்டங்களையும் கடந்து முகமறியாப் பிள்ளைகளின் கால்நோவு தீர்க்கத் தன் கால்நோவைக் காணிக்கையிட்ட அவ்வீரமகளைத் தோளில் சுமந்தபடி, அறுநூறு அதிகமாகத் தோற்ற வேந்தன், வென்றவனைப் போல் எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டே வெளியேறினான்.

திங்கட்கிழமை காலை அவள் காரில் பள்ளிக்கூடம் போனாள்.