ஊர்ப் பல்லெல்லாம் ஒரே வாயில்

மாமனாரின் பல் கிளினிக்கில், ரிசப்ஷனை அடுத்த சிறிய அறையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை பேஷண்ட் விவரங்களை வைத்திருக்கும் புரோகிராமைப் புது வெர்ஷனுக்கு மாற்றி முடித்தார். ஒரு பேஷண்ட்கூடத் திறக்கவில்லை.

பழைய புரோகிராம் பெயர், வயது, பல் என்று ஒவ்வொரு பேஷண்டையும் ஒரே ஆப்ஜெக்டாக மூட்டை கட்டி டேட்டாபேஸில் போட்டிருந்தது. அந்த முடிச்சு புது வெர்ஷனுக்கு அவிழவில்லை.

அவிழ்ந்தே ஆகவேண்டும். வேலை போய் வீட்டில் இருக்கும் மனிதர். மாமனார் திறக்கப்போகும் இரண்டாவது கிளினிக்கின் கம்ப்யூட்டர் பொறுப்பின் மேல் அவருக்கு ஒரு கண். “இதை முடிங்க மாப்பிள்ளை, அப்புறம் பேசுவோம்” என்று மட்டும் மாமனார் சொல்லியிருந்தார்.

ஒரு வரி சேர்த்தார். முடிச்சு அவிழ்ந்தது, பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. அதைச் சரிசெய்தார். பெயர்கள் வந்தன, பற்கள் போயின. ஊரில் ஒருவருக்கும் பல் இல்லை. பல் டாக்டரிடம் சொல்லக்கூடிய செய்தியா இது?

மனைவி போன் செய்தாள். அவளும் அவரைப்போல கம்ப்யூட்டர் தொழில்தான்.

“நான் வந்து பாக்கட்டுமா?”

“வேணாம். நீ வந்தா, நீதான் செஞ்சேன்னு உங்கப்பா சொல்லிடுவார்.”

“சரி. பேக்கப் எடுத்துட்டீங்கல்ல?”

எடுத்தாச்சு என்றார். எடுக்க வேண்டும் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காணாமல் போன பற்களைத் தேட நாலு வரி எழுதினார். எல்லாப் பல்லும் கிடைத்தது, ஒரே வாயில். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு ஊர்ப் பல் முழுவதும் முளைத்திருந்தது. அவருக்கு அடுத்த வாரம் ஒரு பல்லைப் பிடுங்குவதாக இருந்தது. எதை என்றுதான் தெரியவில்லை. அவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று பட்டனைத் தட்டினார். தபால்காரர் தனியாகப் போகவில்லை, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேஷண்டுகள்: பூஜ்யம்.

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? வெளியே ரிசப்ஷனிஸ்ட் பெண் பேஷண்டுகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். பாவம், விஷயம் தெரியாதவள். மெல்லப் போய், எல்லாம் போச்சும்மா, டாக்டரிடம் நீயே சொல்லிவிடு என்றார்.

அவள் தன் மேஜைக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஒண்ணும் போகல சார். உங்க வீட்டம்மா போன வாரமே வந்து எல்லாத்தையும் புது வெர்ஷனுக்கு மாத்திட்டாங்க. நீங்க வீட்ல சும்மா உக்காந்து மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு, அந்த ரூம்ல உங்களுக்குப் பழைய புரோகிராமோட டூப்ளிகேட் ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க.”