குவளைக்குள் மாட்டிக்கொண்ட சுடர்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். வீடும் இதுவரை எரியவில்லை. அங்கே உங்கள் முழங்கால் வலியும் கடை வியாபாரமும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடையிலிருந்து மகளுக்கு மெழுகுவத்தி அனுப்புவதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்திக்கொள்ளவும். அறிவியல் டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டுமென்று மருமகள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தாள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. உள்ளே ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் தானாக அணையுமாம், தண்ணீர் குவளைக்குள் ஏறுமாம். நல்லதுதான். ஆனால் ஆயுசு முழுக்கத் தீயணைப்பு நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவன் எதிரில் இதைச் செய்யலாமா? முதல் தடவை அவள் குவளையை எடுப்பதற்குள் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டேன். அடுத்த தடவை வாளித் தண்ணீர். மேஜையோடு உங்கள் மகளும் நனைந்தாள். "மாமா, அது தானா அணையணும். நீங்க அணைச்சா எனக்கு வேலை கிடைக்காது" என்று அழாத குறையாகச் சொன்னாள். "கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்களேன்" என்று என் மனைவி என்னை நாற்காலியில் அமுக்கினாள். உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தக் கொடுமையைப் பார்த்தேன், சம்பந்தி. சுற்றிலும் கண்ணாடி, வெளியே வர வழியில்லை, சுடர் குறுகிப்போய் மூச்சுக்குத் திணறுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவரை விட்டுவிட்டு வருகிற பழக்கம் எங்கள் நிலையத்தில் கிடையாது. குவளையைத் தட்டிவிட்டேன். அது தரையில் விழுந்து உடைந்தது.

இன்று காலை மாதிரி வகுப்புக்கு நானே துணைக்குப் போனேன். "கடைசி பெஞ்சு, மாமா. எழுந்திருக்கவே கூடாது" என்று சத்தியம் வாங்கினாள். தலைமையாசிரியையும் பிள்ளைகளும் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். சுடர் சாகப் போகிறது. மேஜைக்கு எப்படிப் போனேன் என்றே தெரியாது, குவளை என் கையில் இருந்தது. சுடர் குப்பென்று எழுந்து நின்றது. "யார் சார் நீங்க?" என்றார் தலைமையாசிரியை. உங்கள் மகள் என்னைத் தெரியாதது மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் பெண்ணுக்கு வேலை போயிற்றே என்று வயிறு எரிகிறது. அதை அணைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, தப்பு முழுக்க மெழுகுவத்தி விற்கிற உங்களுடையது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மீது கோபமாக இருக்கும் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தலைமையாசிரியை போன் செய்தார். வேலை உங்கள் மகளுக்கே! "நீங்க போனப்புறம் பிள்ளைங்ககிட்ட தீ ஏன் பொழச்சுதுன்னு கேட்டேன், வகுப்பே 'காத்து'ன்னு கத்துச்சு. அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வாங்க" என்றாராம். மருமகளும் என்னோடு பேசிவிட்டாள்: "நான் சொன்னதுக்கப்புறம் தூக்கணும், மாமா." மேலே எழுதியதை மறந்துவிட்டு ஒரு பெட்டி மெழுகுவத்தி உடனே அனுப்பவும். வீட்டிலிருந்த கடைசி மெழுகுவத்தியை, நானும் மருமகளும் இப்போது சேர்ந்து பார்த்த ஒத்திகை நடுவில் என் மனைவி ஊதிவிட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டால், "எரிஞ்சுது, அணைச்சேன்" என்கிறாள்.