சக்கையைக் கேட்கும் சோளக்கருதுக்காரர்

வந்த கிராக்கியை எல்லாம் விரட்டிவிட்டு, "இன்னைக்கு யாவாரம் அருமை" என்று வீட்டுக்குப் போகும் வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தள்ளுவண்டி மலை ரோட்டில் பெருமாள்மலை தாண்டி, என் பிரெட் ஆம்லெட் கடைக்கு ஒட்டினாற்போல நிற்கிறது. என் தலையெழுத்து.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கைக்காரர் என்றால் தெரியும். சுட்ட சோளக்கருதை வாங்கினால் அங்கேயே நின்று தின்ன வேண்டும். தின்ற சக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். இப்படி ஒரு சட்டம் எந்த ஊரில் உண்டு?

எல்லாம் ஒரு கடமானால் வந்தது. கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சோலைக்காட்டிலிருந்து சாயங்காலமானால் ரோட்டுக்கு வரும். பெரிய கொம்பு. கார்க்காரர்கள் மிளகாய்ப்பொடி தடவிய கருதை எறிவார்கள், போட்டோ எடுப்பார்கள். இப்படிப் பழகிய வேறொரு பெட்டைமான் முந்தின சீசனில் வளைவில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. அன்றிலிருந்துதான் இந்தச் சட்டம்.

"ஏங்க, சால்வைக்குள்ள ஒரு கருது கெடக்கு பாருங்க" என்பார் சக்கைக்காரர், காரில் ஏறப்போகும் ஒரு அம்மாவிடம்.

வீட்டுக்காரர் பாய்வார். "காசு குடுத்தாச்சுல்ல? மானுக்குப் போடுவேன், மரத்துக்குப் போடுவேன்!"

"உங்க புள்ள ஒரு கடி கடிச்சிட்டு ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிருச்சு. அந்த வாயில்லாச் சீவனுக்கு யாருங்க தண்ணி குடுப்பா? தின்னுங்க. வெரசாத் தின்னுட்டுச் சக்கையக் குடுங்க."

கோபத்தில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். என் ஆம்லெட் கல்லிலேயே கருகும். வயிறு எரியாதா?

நான் மூன்றாம் வகுப்பை முடிக்கவில்லை. அதுதான் என்னை முடித்தது. ஆனாலும் மூளை உண்டே! அந்தக் காலத்து வேட்டைக்காரத் துரைமார் கடமானை 'எல்க்' என்பார்கள் என்று ஒரு கைடு சொன்னான். உடனே பலகை எழுதி மாட்டினேன்: 'எல்க் பாயின்ட்'. கூட்டம் அள்ளியது.

சக்கைக்காரர் கொதித்துவிட்டார். "ஏலே, எல்க்கு பனி பெய்யிற நாட்டு மானுடா. சுட்டவன் வச்ச பேரச் சொல்லியா கூப்புடுவ? ஒன்னைய நான் ஒட்டகம்னு கூப்புடவா?"

"கூப்புடுங்கண்ணே, நாலு பேரு பாக்க வந்தாச் சரி."

ஒருநாள் மான் மொட்டைத் தலையோடு வந்தது. நான் அலறினேன். "அண்ணே, எவனோ கொம்பை அறுத்துட்டான்!"

"மாட்டுக்கொம்பாடா அது? தானா உதுந்து தானா மொளைக்கும்."

சீசன் கூட்டம் எட்டிப் பார்த்தது. "கழுதையா?" என்றது. காரில் ஏறிப் போய்விட்டது. ஒருவரும் எதையும் எறியவில்லை. மானும் சில நாள் காத்து நின்றுவிட்டு, காட்டுப் புல்லே மேல் என்று உள்ளே போனது. மானில்லாத இடத்துக்கு எதற்கு என்று என் பலகையைத் தன் அடுப்பில் வைத்துவிட்டார் சக்கைக்காரர். அந்தத் தணலிலேயே எனக்கு ஒரு கருது சுட்டுத் தந்தார், கொழுப்பைப் பாருங்கள்!

புதுக்கொம்பு இந்நேரம் முளைத்திருக்கும். மான் ரோட்டுக்கு வரவே இல்லை. ஜெயித்துவிட்டார் மனுசன். ஆனாலும் பொழுது சாய்ந்தால் உப்பு, காரம் தடவாத ஒரு கருதைக் கையில் வைத்துக்கொண்டு சோலையைப் பார்த்தபடி நிற்கிறார்.

"வரலேல்ல?"

"வரலண்ணே."

"நல்லது. வரக்கூடாது."

அந்தக் கருதை அவரே தின்பார். தின்று முடித்து, சக்கையை ஒழுங்காக என்னிடம் நீட்டுவார். நானும் வாங்கிக்கொள்வேன்.