நரியாரின் வெந்நீர்ச் சுனையில் செவந்தியம்மாள்

ஒரு காட்டில், கைபேசிக் கோபுரம் வந்த பிறகும் இடத்தைக் காலி செய்யாமல் சில கோழிகள் குடியிருந்தன. அவற்றில் மூத்தவள் செவந்தியம்மாள். அடைகாப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் தங்கள் முட்டைகளையும் அவளிடமே வைத்துவிட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பிவிடுவார்கள். நீங்கள் எப்படியும் உட்கார்ந்துதானே இருக்கப்போகிறீர்கள் என்பார்கள். பக்கத்துக் குளத்து வாத்து ஒருத்தி முதல் வருஷம் கேட்டுவிட்டு வைத்தாள். அடுத்த வருஷம் கேட்காமலே வைத்தாள்.

இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே செவந்தியம்மாளுக்குக் கால் இரண்டும் வீங்கி மரக்கட்டையாகிவிட்டன. சாயங்காலம் கிளையில் தாவி ஏற முடியவில்லை. தரையிலேயே படுத்தாள். தரையில் படுக்கும் கோழிக்குக் காட்டில் எவ்வளவு காலம் என்று எல்லாருக்கும் தெரியும். கீரிக்குத் தெரியாமல் இருந்ததுதான் அவளுடைய அதிர்ஷ்டம்.

ஆந்தை வைத்தியர் காலை அமுக்கிப் பார்த்தார். காட்டைத் தாண்டிப் பாலைவனத்தில் ஒரு சுனை இருக்கிறது, பூமிக்கடியிலிருந்து வெந்நீர் தானாக ஊறி வருகிறது, கந்தகமும் வேறு பல உப்புகளும் அதில் கலந்திருக்கின்றன, தினமும் கால்களை முக்கி உட்கார்ந்தால் நரம்பெல்லாம் இளகிவிடும் என்றார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று செவந்தியம்மாள் கேட்டாள். வைத்தியர் தலையை முழுச் சுற்றாகத் திருப்பிவிட்டு, ஓய்வில்லம் ஒன்று இருக்கிறது, நடத்துகிறவர் ஒரு நரியார் என்றார்.

வீட்டில் பெரிய பஞ்சாயத்து ஆயிற்று. அவளுடைய அண்ணன் மகன் கொண்டைராஜன்தான் அதிகம் பேசினான். வாட்டசாட்டமான சேவல், எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசி முடிப்பவன். நரி, வெந்நீர், கோழி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, குழம்பு என்று அவன் விளக்கினான். செவந்தியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"கீரி வாயில் போனால் வலியோடு போவேன்டா," என்றாள். "அங்கே போனால் வலி குறைந்தாவது போவேன்."

அந்தப் பக்கம் போகிற ஒட்டகத்தின் முதுகில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். மணலுக்கு நடுவில் நாலைந்து ஈச்சமரங்கள், பாறைக்கு இடையில் ஆவி பறக்கும் ஒரு குட்டை. காற்றில் கூமுட்டை வாசனை அடித்தது. யாருடைய முட்டை கெட்டுவிட்டது என்று அவள் பதறிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். அது கந்தகத்தின் வாசனை என்று வரவேற்பில் இருந்த ஓணான் சொல்லி, நிரப்புவதற்கு ஒரு படிவம் கொடுத்தது. பெயர், ஊர் எல்லாம் சரி. மூன்றாவது கேள்வி எடை. நான்காவது, இளசா முற்றலா. செவந்தியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தண்ணீரின் சூட்டை முடிவு செய்யத்தான் கேட்கிறோம் என்றது ஓணான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

நரியார் சித்தநாதன் உள்ளேயிருந்து வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு கூடை. மெலிந்த ஆள், பேச்சு மெதுவாக வந்தது. கூடையிலிருந்து உப்பை எடுத்துக் குட்டையில் தூவினார். இஞ்சியைத் தட்டிப் போட்டார். செவந்தியம்மாள் கரையில் நின்று வீட்டாருக்குக் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள்: 'தண்ணீரில் இறங்கப்போகிறேன். நல்ல சூடு. உப்பும் இஞ்சியும் போட்டிருக்கிறார்.' அது போய்ச் சேர்ந்ததும் சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறம் வரவேயில்லை.

கூடையில் மிளகும் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அது எதற்கு என்று கேட்டாள். மத்தியானம் தனக்கு வெள்ளரிக்காய், அதில் தூவிக்கொள்ள என்றார் நரியார். பிறகு கொஞ்சம் வருத்தமாக, இதே இடத்தை ஒட்டகம் நடத்தினால் யாரும் மிளகைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்றார்.

செவந்தியம்மாள் ஒரு விரலை நனைத்தாள். பிறகு ஒரு காலை. கோழிக்கும் தண்ணீருக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை, அவளுக்குத் தெரிந்த குளியலெல்லாம் புழுதிக் குளியல்தான். ஆனாலும் சூடு கணுக்காலில் ஏறியபோது அவளையறியாமல் கண் சொக்கியது. முழங்கால்வரை இறங்கினாள். எத்தனையோ வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உள்ளே மெல்ல அவிழ்ந்தது. வயிறுவரை இறங்கிப் பாறையில் சாய்ந்தாள். அடியில் முட்டை எதுவும் இல்லாமல் அவள் உட்கார்ந்தது அன்றுதான். முதலில் குற்றவுணர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தண்ணீரில் கரைந்துவிட்டது.

கண்ணைத் திறந்தபோது நரியார் கரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையில் எச்சில் இறங்குவது தெரிந்தது. செவந்தியம்மாள் சிறகை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். ஆனால் எழுந்து ஓடுமளவுக்கு மனசு வரவில்லை, தண்ணீர் அவ்வளவு இதமாக இருந்தது. ஆகவே கேட்டுவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. வாய் ஊறுதா?"

"ஊறுதும்மா," என்றார் நரியார். "பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் ஊறுது, உங்களுக்குக் கால் ஊறுது. ரெண்டும் ஊறட்டும். அவங்கவங்க இடத்துல இருப்போம்."

அதைச் சொல்லிவிட்டு அவர் துண்டை மடித்துப் பாறைமேல் வைத்துவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கப் போய்விட்டார். இவ்வளவு நேர்மையாக எந்தச் சொந்தக்காரரும் தன்னிடம் பேசியதில்லை என்று செவந்தியம்மாளுக்குத் தோன்றியது. அன்றைக்கு இரண்டாம் முறையும் இறங்கினாள்.

நாட்கள் இப்படியே போயின. காலையில் சுனை, பகலில் ஈச்சமர நிழல், சாயங்காலம் மறுபடியும் சுனை. வீக்கம் வடிந்தது. ஒரு நாள் யோசிக்காமல் ஒரு தாவு தாவினாள். பார்த்தால் ஈச்சமரத்தின் மட்டையில் நின்றுகொண்டிருக்கிறாள். கீழே நரியார் கைதட்டினார். ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது, ஆனால் அது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டும். விடைபெறும்போது நரியார் ஒன்றே ஒன்று கேட்டார். ஊரில் நாலு பேரிடம், போனவள் திரும்பி வந்தேன் என்று சொல்ல வேண்டும். நிச்சயம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

காட்டின் எல்லையிலேயே அவளுடைய படம் தெரிந்தது. பெரிய பேனர். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே கொண்டைராஜனின் படம், அவள் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. அவளுடைய செய்தியைப் படித்துவிட்டு, அதற்கப்புறம் பதிலே வராததால், உப்பும் இஞ்சியும் போட்ட பிறகு என்ன நடந்திருக்கும் என்று வீட்டார் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். அன்றைக்குக் காரியம். பந்தல் நிறையக் கூட்டம். தூரத்துக் காட்டிலிருந்து மயில் வந்திருந்தது, ஒப்பாரிக்கு. கம்பும் சோளமும் வெந்துகொண்டிருந்தன.

செவந்தியம்மாள் பின்பக்கமாக உள்ளே போனாள். கொண்டைராஜன் கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முதலில் நிஜமாகவே அழுதுவிட்டான். கட்டிக்கொண்டான். பிறகு பந்தலை எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அத்தை, நல்லவேளை வந்துட்டீங்க," என்றான். "ஆனா இன்னிக்கா வரணும்?"

தனக்கு ஒன்றும் ஆகவில்லை, நரியார் தங்கமான மனுஷன், கால் சரியாகிவிட்டது, பார் என்று அவள் குதித்துக் காட்டினாள். அவன் வாயில் சிறகை வைத்து அமைதியாக இருக்கச் சொன்னான். நரியைக் கண்டித்துத் தீர்மானம் அச்சடித்தாகிவிட்டதாம். நரி அவளைக் கடித்துக் குதறியதை நேரில் பார்த்த காக்கை ஒன்று சாட்சி சொல்ல முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறதாம். இந்த நேரத்தில் அவள் நடந்துபோனால் காக்கை மனசு என்ன பாடுபடும்? ஆகவே அவன், கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரம் ஒன்றை எடுத்து வந்தான்.

"கூட்டம் முடியற வரைக்கும் இதுக்குள்ள இருங்க அத்தை. ஆளுங்க சாப்பிட்டுக் கலைஞ்சதும் மெதுவா வெளியே வரலாம்."

அவளும் உட்கார்ந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. கொண்டைராஜன், தன்னை வளர்த்ததே அத்தைதான் என்றான். அது உண்மை, ஆனால் அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. வாத்து எழுந்து, என் பிள்ளைகள் எல்லாம் அந்த மகராசி சூட்டில் பொரிந்தவை என்று சொல்லித் தேம்பினாள். மயில் பாடியது. பஞ்சாரத்துக்குள் செவந்தியம்மாள் அழுதாள். இவ்வளவு நல்லவளை நரி கொன்றுவிட்டதே என்று ஒரு கணம் அவளுக்கே நரியின்மேல் கோபம் வந்தது.

அப்புறம் யோசித்தாள். வெளியே வந்தால் இந்தப் பேச்செல்லாம் நாளைக் காலையோடு முடிந்துவிடும். மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கூட்டம் கலைந்து, இலைகளை எடுத்த பிறகு கொண்டைராஜன் வந்து பஞ்சாரத்தைத் தூக்கினான். காலியாக இருந்தது. ஒட்டகம் பாலைவனம் நோக்கிப் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மூலையில் ஆறிக்கொண்டிருந்த முட்டைகளைப் பார்க்கும்வரை. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்த கையோடு அவற்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருபுறமும் பார்த்தான். யாரும் இல்லை. மெதுவாக மேலே ஏறி உட்கார்ந்தான். சிறிது நேரத்திலேயே அவனுக்கு ஒரு கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

நீதி: நரியிடம் போகிறவர்கள் உயிரோடு திரும்பக்கூடாது என்றில்லை. ஆனால் திரும்புவதாக இருந்தால், பேனர் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடவும். ஊருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.