ஒன்பது இடங்களும் ஒரே பாறையும்

தீவை ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்தபோது மணி ஒன்பதே முக்கால்தான் ஆகியிருந்தது. விடுதியில் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தில் 'ஒன்பது இடங்கள், பன்னிரண்டு மணி வரை நடை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கைடு இதுவரை காட்டியது மூன்று: ஒரு பாறை, ஒரு குகை, ஒரு கடற்கரை. தீவில் இருந்ததே அவ்வளவுதான்.

"அடுத்து எங்க தம்பி?" என்றார் தலைமையாசிரியர்.

ஓய்வு பெற்ற பிறகும் நோட்டுப் புத்தகத்தை விடாதவர். எதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். கைடு சொல்வதை வரி பிசகாமல் எழுதிக்கொள்வார். பக்கத்தில் அவர் மனைவி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கைடு அவசரமாக யோசித்தான். வேலையில் சேர்ந்து பத்து நாள், அதற்குள் இரண்டு புகார். "இன்னொண்ணு வந்துச்சு, சாயங்காலப் படகுல ஊருக்குக் கிளம்பிடு" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போனால் கல்யாணமும் போகும். பெண்ணைப் பெற்றவர் வேலையைப் பார்த்துத்தான் தலையை ஆட்டியிருந்தார்.

"அடுத்தது ஆமைப் பாறை சார்," என்றான், வாய்க்கு வந்ததை.

முதல் சுற்றில் யானைப் பாறை என்று காட்டிய அதே பாறைக்குத்தான் எதிர்ப்பக்கமாகக் கூட்டிப் போனான்.

"உயரம்?"

"பதினெட்டு அடி சார்."

"யானைப் பாறை பன்னெண்டு அடின்னு சொன்னீங்க. ஆமை யானையைவிட உயரமா?"

"கடல் ஆமை சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

குகை வாசலில் இளநீர்க்காரி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சார், இப்பத்தானே குடிச்சிட்டுப் போனீங்க?"

"அது இவங்க தங்கச்சி சார். ரெண்டு பேரும் ஒரே அச்சு," என்று கைடு முந்திக்கொண்டு அவளுக்குக் கண்ணைக் காட்டினான்.

அவள் ஒரு நொடிதான் விழித்தாள். "தங்கச்சிகிட்ட குடிச்சிட்டு அக்காவைத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கு?" என்று அரிவாளை எடுத்துவிட்டாள்.

மூன்றாவது சுற்றைக் குகையிலிருந்து தொடங்கினான்; அங்கே அவளே நடுவுள்ளவள் ஆனாள்.

"மொத்தம் எத்தனை பேர்மா நீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"மணி என்ன ஆச்சு சார்?"

"பதினொண்ணே கால்."

"அப்ப மூணு பேருதான்."

தப்பித்தோம் என்று கைடு மூச்சு விட்டான். பாறையின் பழைய பக்கத்துக்கு வந்தபோது அந்த மூச்சு அப்படியே நின்றது. முதல் சுற்றில் தலைமையாசிரியரின் மனைவி மறந்து வைத்த பூப்போட்ட குடை பாறைமேல் ஜம்மென்று கிடந்தது.

தலைமையாசிரியர் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "அது உன் குடை மாதிரி இல்ல?"

"வேற யாரோடதோ. நடங்க," என்றார் மனைவி.

விடுதிக்கு வந்ததும் தலைமையாசிரியர் விருந்தினர் கருத்துப் புத்தகத்தைக் கேட்டு உள்ளே போனார். கைடு அதற்குமேல் தாங்கமாட்டாமல் அந்த அம்மா முன்னால் கையைக் கூப்பினான்.

"அம்மா, தப்புதான். மொத்தமே மூணு இடம்தான். சார்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னீங்கன்னா மேனேஜர்கிட்ட நான் புகார் குடுப்பேன்," என்றார் அந்த அம்மா. "டாக்டர் நடக்கச் சொல்லி ஒரு வருஷமாச்சு, மனுஷனை வீட்டு கேட்டைத் தாண்ட வைக்க முடியல. நாளைக்குப் பதினஞ்சு இடமா காட்டுங்க தம்பி."