இன்னும் ரெண்டு விரக்கடை

"எறங்குங்க, எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினார் சக்கரபாணி.

எல்லாரும் என்றால் அவர் மனைவி வீரம்மாள் ஒருத்திதான். மடியிலிருந்த முறுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் காலைக் கீழே வைப்பதற்குள், ஜீப்பு மேட்டின் மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்து, 'கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

மண்டகப்பட்டைத் தாண்டி, மகள் கிருஷ்ணவேணி வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போகிற வண்டிப்பாதை அது. ஊருக்குச் சற்று முன்னால், ஏரி வாய்க்கால் பாதையைக் கடக்கிற இடத்தில், குறுக்கே இந்த வருஷம் புதிதாகப் போட்ட ஒரு மண்மேடு. மாட்டுவண்டிகள் அதில் ஏறி இறங்கிச் சிவனே என்று போய்க்கொண்டிருந்தன. உயரமான சக்கரம், அதற்கென்ன கவலை? ஜீப்புக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டு, நாலைந்து கை மாறி, விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் சக்கரபாணியிடம் வந்து சேர்ந்த ஜீப்பு. ஸ்டீரிங் இடது பக்கம். படுதா போன பக்கம் தெரியவில்லை. ஆனாலும் அவருக்கு அது தேர்தான்.

சத்தம் கேட்டுச் சம்பந்தி அப்பாதுரை குடையோடு வந்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி, ஜீப்பு நல்லா சம்மணம் போட்டுக்கினு உக்காந்துகிச்சே! ஆளுங்களக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் வாணாங்க. தூரத்துலேர்ந்து வந்ததால வண்டி கொஞ்சம் களைச்சிருக்குது."

"அதுக்கு இல்லீங்க. வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ண அழைச்சிக்கினு போவணுமே. இந்தப் பேஜாரெல்லாம் எதுக்கு? நம்ம வில்வண்டியிலயே மெத்தை போட்டு அனுப்பிடறேன்."

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவர்கள்தான் வந்து அழைத்துப் போகவேண்டும். வந்தவர் வெறுங்கையை வீசிக்கொண்டு, சம்பந்தி வீட்டு வண்டியில் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனால் விழுப்புரத்தில் எவன் மதிப்பான்?

"எம்பொண்ணு எஞ்ஜீப்புலதாங்க வருவா. இந்த மேட்டத் தாண்டி, ஒங்க வாசப்படியில நிறுத்தி ஏத்திக்கினு போறேனா இல்லையா பாருங்க!"

கிருஷ்ணவேணியிடமும் அதையே சொன்னார். ஏழு மாதத்து வயிற்றோடு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தவள், கடிப்பதை நிறுத்தினாள்.

"வில்வண்டியே போதும்ப்பா."

"போதாதும்மா!"

"கல்யாணம் முடிஞ்சி அந்த ஜீப்புலதானே இங்க வந்தேன்? நெத்திச்சுட்டி ஒரு பக்கம் வந்துச்சு, நான் ஒரு பக்கம் வந்தேன்."

"அது அப்போ. இப்போ ஒசத்தப் போறேன். பூ மேல உக்காந்தாப்பல போவும்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். அந்தத் தாடை இப்படி இறுகிவிட்டால் எதிரில் யானை வந்தாலும் யானைதான் ஒதுங்கவேண்டும்.

"சரிப்பா. ஒசத்தி எடுத்துக்கினு வா, பாக்கலாம்" என்று மீதி முறுக்கைக் கடித்தாள்.

விழுப்புரத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்ட பணத்துக்கு இன்னொரு ஜீப்பே வாங்கிவிடலாம் போலிருந்தது. அதனால் சக்கரபாணி திண்டிவனத்துக்கு விட்டார். அங்கே லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் அந்தோணிசாமி மேஸ்திரியின் கொட்டகை. சண்டைக்காலத்தில் மிலிட்டரி வண்டிகளோடு பர்மா வரைக்கும் போய் வந்தவர் என்று பேர். அந்தப் பேரைச் சொன்னவரும் அவர்தான்.

மேஸ்திரி ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மொதலாளி, ஸ்பிரிங் பட்டை வில்லு மாதிரி வளைஞ்சி இருக்கணும். ஒங்களுது அப்பளம் மாதிரி கீது."

"புதுசு போட்டா?"

"மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

"செலவு கையக் கடிக்காம வேற வழி சொல்லு."

"பழைய லாரிப் பட்டை தோ குவிஞ்சி கெடக்குது. ஒவ்வொரு கட்டுலயும் ஒண்ணு சொருகிட்டா வண்டி தானா எழுந்துக்கும். எவ்ளோ ஒசரணும்?"

"ரெண்டு விரக்கடை ஒசந்தா போதும். இப்ப அவ்ளோதான் இடிக்குது" என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார் சக்கரபாணி.

"மேடு எவ்ளோ ஒசரம், அளந்தீங்களா?"

"மேடு மேடாத்தான் கீது. நீ ஜீப்பப் பாருய்யா!"

இரண்டு விரக்கடை சுத்தமாக உயர்ந்தது. ஆனால் லாரி சுமக்கிற பட்டை, ஜீப்பின் கனத்துக்கெல்லாம் வளைந்து கொடுக்குமா? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருவதற்குள் பாதையிலிருந்த ஒவ்வொரு கல்லும் சக்கரபாணியின் முதுகெலும்பில் தனித்தனியே வந்து விசாரித்துவிட்டுப் போனது.

அடுத்த வாரம் மகளைப் பார்க்கப் போகும்போது வீரம்மாள், "ஏங்க, பல்லு ஆடுதுங்க" என்றாள்.

"ஆடினா ஆடட்டும். ஒசரத்தப் பாத்தியா?"

"ஒசரத்துலேர்ந்துதானே வுழப் போறேன். நல்லாப் பாத்துக்கினுதான் வர்றேன்."

மேடு வந்தது. சக்கரபாணி பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார்.

'கர்ர்.'

இறங்கி, குனிந்து, அடியில் பார்த்தார். வாய்க்கால் ஓரம் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த பூமாலை என்கிறவளும் கூடவே குனிந்து பார்த்தாள். அப்பாதுரையின் நிலத்தில் வேலை செய்கிறவள்.

"ஐயா, தள்ளணுமாங்க?"

"தள்ளு. அதென்னாம்மா, ஒசத்திக்கினு வந்தும் இடிக்குது?"

"எனுக்கு இன்னாங்க தெரியும், நான் மண்ணு சொமக்கறவ. ஜல்தியா வாங்க, சின்னம்மா காத்துக்கினு கீறாங்க."

கிருஷ்ணவேணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எவ்ளோப்பா ஒசத்தினே?"

"ரெண்டு விரக்கடை."

"அப்படியும் இடிக்குதா?"

"பழைய பட்டைம்மா. ஓட ஓட அமுங்கிடுது போல. இன்னும் ரெண்டு விரக்கடை ஒசத்திட்டா போதும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல கட்டை வெக்கறேன்னு மேஸ்திரி சொன்னான்."

"ரெண்டுதானே? மூணு இல்லியே?"

"ரெண்டுதாம்மா."

"சரிப்பா. சரியா அளந்து வெக்கச் சொல்லு."

திரும்பி வரும்போது சக்கரபாணிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "பாத்தியாடி? ஒரு விரக்கடை வுடாம கேட்டுக்கறா! நீயும் கீறியே, பல்லு ஆடுது பல்லு ஆடுதுன்னு."

வீரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளும்படி இருந்தது பாதை.

மேஸ்திரி கருவேலங்கட்டை நாலு அறுத்து வைத்தார். ஜீப்பு நிமிர்ந்து நின்றது. அச்சு கீழே போனதும் பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய் மட்டும் நாண் பூட்டினமாதிரி விறைத்துக்கொண்டது.

"இது தாங்குமாய்யா?"

"மொதலாளி, பர்மாவுல இதவிட விறைப்பா பாத்திருக்கேன்."

பர்மாவில் தாங்கியது விழுப்புரத்தில் தாங்கவில்லை. மண்டி வாசலில் வந்து சக்கரபாணி பிரேக்கை மிதிக்க, அது தரை வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டது. ஜீப்பு வாசலைத் தாண்டி, தராசைத் தாண்டி, அடுக்கி வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகளுக்குள் புகுந்து நின்றது. பொதிக்குள்ளிருந்து அவரை வெளியே எடுத்தபோது சட்டைப்பை இரண்டிலும் மல்லாட்டை.

"இப்பவாச்சும் வுட்டுத் தொலைங்களேன்!" என்றாள் வீரம்மாள்.

"வுடறதா? ஒசரம் வந்துடுச்சுடி! நிக்கறதுதான் பாக்கி!"

நீளமான குழாய் போட்டு நிற்கவும் வைத்தார். அடுத்த நடை போனார். போன இடத்தில் அதே மேடு, அதே 'கர்ர்', அதே பூமாலை. இந்தமுறை முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாதையெல்லாம் புதுசா மண்ணு போட்டு மெத்தியிருக்காப்பல கீதே?" என்றார் சக்கரபாணி, வீட்டுத் திண்ணையில் அப்பாதுரையிடம்.

"ஆமாங்க, யாரோ கொட்டறாங்க. இப்போல்லாம் பஞ்சாயத்துல நல்லா வேலை நடக்குது."

"எவ்ளோப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கிருஷ்ணவேணி.

"மொத்தம் நாலு விரக்கடைம்மா. இன்னும் கொஞ்சந்தான். சக்கரத்தப் பெருசா மாத்திட்டா ஒரேடியா ஒரு சாண் எழுந்துடும்."

"ஒரு சாணா!" கிருஷ்ணவேணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒரேடியா எதுக்குப்பா, கொஞ்சம் கொஞ்சமா ஒசத்தேன். ஆளுங்களுக்கும் கஷ்டம்தானே?"

"மேஸ்திரிக்கு இன்னாம்மா கஷ்டம்? அதான் அவன் வேலை!"

ஏதோ பெரிய மிலிட்டரி வண்டியின் சக்கரங்கள் நாலு, திண்டிவனத்துக் கொட்டகையில் கோழி அடைகாக்கிற இடமாக இருந்தன. கோழியை எழுப்பிவிட்டு, துளை மாற்றிப் போட்டு, மேஸ்திரி அவற்றை ஜீப்பில் மாட்டினார். ஜீப்பு ஒரு சாண் எழுந்தது. ஆனால் இடது பக்கம் திருப்பினால் சக்கரம் மட்கார்டைத் தின்றது.

"வலப்பக்கம் நல்லாத் திரும்புது பாருங்க மொதலாளி" என்றார் மேஸ்திரி.

"இடப்பக்கம் போவணும்னா?"

"வலப்பக்கமாவே சுத்தி வந்துடுங்க. போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதானே?"

வளைகாப்பு நாள் காலையில், இடது பக்கம் திரும்பவேண்டிய ஒவ்வொரு முக்கிலும் ஜீப்பு வலப்பக்கமாக ஒரு பெரிய வட்டம் அடித்துத்தான் போயிற்று. விழுப்புரத்து நாலுமுனை ரோட்டில் நின்ற போலீஸ்காரர் கைகூப்பி, "இன்னும் எத்தினி பிரதட்சணம் பாக்கி கீதுங்க?" என்று கேட்டார்.

வீரம்மாளைப் பரண் ஏணி போட்டுத்தான் ஏற்றவேண்டியிருந்தது. ஏணியையும் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"மாசமா இருக்கறவ இந்த ஏணியில ஏறணுமா? ஒங்களுக்கு மனசாட்சியே இல்லியா?"

"ரெண்டு ஆளு புடிச்சிக்குவாங்கடி."

"நாங்கொண்டாந்த கட்டுச்சோத்த யாரு புடிப்பாங்க?"

அஞ்சு வகைச் சோறு, அஞ்சு தூக்கு. மண்டகப்பட்டு வருவதற்குள் புளிச்சோறும் தயிர்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் ஒன்றோடொன்று சம்பந்தம் பண்ணிக்கொண்டு, ஆறாவதாக ஒன்று உண்டாகியிருந்தது.

மேடு வந்தது. அது சும்மா வரவில்லை. கல்யாண மேடை மாதிரி எழும்பி வந்தது. சக்கரபாணி அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. கண்ணில் சம்பந்தி வீட்டு வாசற்படிதான் இருந்தது.

"கெட்டியாப் புடிச்சிக்கோ வீரம்மா!"

"எதைங்க புடிக்கறது? பல்லையா?"

ஜீப்பு உறுமிக்கொண்டு ஏறியது. முன் சக்கரம் இரண்டும் உச்சியைத் தாண்டிவிட்டன.

"தாண்டிட்டேன்! தாண்டிட்டேண்டி!"

அப்போது வழக்கமான 'கர்ர்' வரவில்லை. மெத்தென்று ஒரு சத்தம். புது மண்ணில் வயிறு பதிந்து, முன் சக்கரம் அந்தப் பக்கமும் பின் சக்கரம் இந்தப் பக்கமும் தரையில் படாமல் தொங்க, நாலும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. சக்கரபாணி முன்னால் சாய்ந்தால் ஜீப்பின் மூக்கு கீழே போனது. வீரம்மாள் பின்னால் சாய்ந்தால் வால் கீழே போனது.

"ஆடாதடி!"

"நீங்க ஆடாதீங்க!"

ஊர் திரண்டு வந்துவிட்டது. ஏணி வைத்து இருவரையும் இறக்கினார்கள். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஆறாவது சோறு நன்றாக இருப்பதாக எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். சக்கரபாணிக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள், மெத்தை போட்ட வில்வண்டியில் கிருஷ்ணவேணியும் வீரம்மாளும் ஏறினார்கள். வண்டி பாதையோரமாக ஜீப்பைச் சுற்றிக்கொண்டு, மேட்டின் சரிவில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறி இறங்கியது. கிருஷ்ணவேணி நிறுத்தச் சொன்னாள். கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"வருத்தப்படாதப்பா. எனக்காக எவ்ளோ பாடுபட்டே நீ! ஜீப்ப எறக்கி மெதுவா எடுத்துக்கினு வா. நாங்க முன்னாடி போறோம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற அப்பாதுரை தொண்டையைக் கனைத்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனுங்களே சம்பந்தி."

அவ்வளவுதான். சக்கரபாணியின் தாடை இறுகியது.

"இத்தோட முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்காதீங்க! புள்ளையும் கையுமா பொண்ணக் கொண்டாந்து வுடறது இந்த ஜீப்புலதான். இன்னும் ரெண்டு விரக்கடை ஒசத்தறேன், பாருங்க!"

வாய்க்கால் ஓரம் கூடையைத் தட்டி மண் உதிர்த்துக்கொண்டிருந்த பூமாலை, அதைக் கேட்டதும் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"ஐயா, நீங்க ஒவ்வொரு வாட்டி ஜீப்ப ஒசத்தறப்பவும் மேட்டுல இத்தினி கூடை மண்ணு கொட்டுன்னு கணக்குச் சொன்ன சின்னம்மா இப்போ பொறந்த ஊட்டுக்குப் போயிட்டாங்களே, இந்த ரெண்டு விரக்கடைக்கு எத்தினி கூடைன்னு நான் யாரைங்க கேக்கறது?"