பாதி மீசையும் பத்தொன்பதாம் பிரிவும்

பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்,
18-1-1967

சென்னையில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு, உன் மாமா வீரபத்திரன் அனேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

ஏகாம்பரநாதர் கிருபையில் இங்கே உன் அக்காள் ஏலவார்குழலி சுகம், மகள் இந்திராணி சுகம், என் மீசையில் வலது பாதி சுகம். இடது பாதி திங்கட்கிழமை காசிநாதன் சலூனில் போய்விட்டது. அது விஷயமாக ஹைகோர்ட்டில் ஒரு மனு போட வேண்டும்.

நம் தொழில் உனக்குத் தெரியாததல்ல. தறியில் உட்கார்ந்தால் கரைக்கு இழை எண்ண வேண்டும், வாயைத் திறந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். மாதம் முழுக்க அடக்கிவைத்த பேச்சையெல்லாம், தறிக்கு லீவான அமாவாசையன்று காசிநாதன் கடையில் கொட்டிவிட்டு வருவோம். அமாவாசையில் யாரும் சவரம் செய்துகொள்வதில்லை என்பதால் பெஞ்சு நிறைய ஆள், நாற்காலி காலி. இப்போது எலெக்‌ஷன் வேறு. போன அமாவாசையில் அடுத்த வீட்டுக் கலியன் பேசிய பேச்சில் கடையின் பவுடர் டப்பா பறந்துவிட்டது. மறுநாளே 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று காசிநாதன் போர்டு மாட்டிவிட்டான்.

மீசை நரைத்துவிட்டது, இந்திராணியின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் எடுத்துவிட்டு வாருங்கள் என்று உன் அக்காள்தான் அனுப்பினாள். இடது பாதி போனதும், "அரிசி விக்கிற வெலையில கல்யாணம் எப்டிபா பண்றது?" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். கத்தி நின்றுவிட்டது.

"போர்ட பாத்தீங்களா நைனா?"

"அரிசி வெல இன்னா அரசியலாபா? அது வயித்து சமாச்சாரம்."

"வயித்துல ஆரம்பிச்சிதான் அன்னிக்கி டப்பா பறந்துச்சி."

அரசியல் சட்டத்தில் பத்தொன்பதாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, யாரும் தன் கருத்தைச் சொல்லலாம் என்று அவிழ்த்துவிட்டேன். அவன் கடைப் பேப்பரில் படித்ததுதான். அவன் அசரவில்லையே!

"அது சர்க்காருக்கு. இது என் கடை. நீங்க பேசறது உங்க கருத்துன்னா, நான் போர்டு மாட்டினது என் கருத்து. வாய மூடிக்கினு குந்துங்க, மீதிய எடுத்துடறேன்."

நானா மூடுவேன்? துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்பதற்கே கோர்ட்டுக்குப் போன ஊர் இது. மனுஷன் வாய்க்காக நான் போகக் கூடாதா? அரிசி விலை அரசியலா வயிறா, சோப்பு நுரைக்கு நடுவில் இருக்கும் வாய்க்கும் பேச்சுரிமை உண்டா, என் கருத்து பெரிதா போர்டின் கருத்து பெரிதா என்று நீதிபதி அவர்கள் விளக்கியாக வேண்டும். அதுவரை வலது பாதியை எடுக்க மாட்டேன், அது சாட்சியம். உன் அக்காளோ, "ஞாயித்துக்கெழம ஐயம்பேட்டைலேந்து மாப்ள வூட்டுக்காரங்க தாம்பூலம் மாத்த வராங்க. இந்த மூஞ்சிய பாத்துட்டு பொண்ணு வாணாம்னு போயிட்டா, உங்க கோர்ட்டா வந்து கட்டிக்கும்?" என்கிறாள். இந்திராணி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். பேசாமலிருப்பது அவள் உரிமை. ஆனாலும் பெற்ற மனசு கஷ்டப்படுகிறது. ஆகையால் சனிக்கிழமைக்குள் தீர்ப்பு வாங்கிவிடு.

உன் சம்சாரம் கிருஷ்ணவேணிக்கும் குழந்தைகளுக்கும் காமாட்சி ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பேச்சுரிமை பறிபோன
வீரபத்திரன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா வேணுகோபால் திடீரென்று வந்து இறங்கினார். பல்வலி என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். வழக்கு என்ன ஆச்சு என்று கேட்கக் கலியனும் வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இல்லாமல், "அரிசி வெலைய ஏத்தறதே இந்த மண்டிக்காரனுங்கதான்" என்றான். சம்பந்தி ஐயம்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. சம்பந்தி முகம் சிவந்து, "அரிசி வெல ஏறியா இருக்குது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இந்திராணி காபித் தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "ஏறவே இல்லீங்க சம்பந்தி" என்றேன். கலியனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். சம்பந்தி போனதும் காசிநாதன் கடைக்குப் போய், போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, வாய் திறக்காமல் சாட்சியத்தை மழித்துக்கொண்டு வந்துவிட்டேன். மனு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத்துக்கு வரும்போது, பாரிமுனையில் நம் வீட்டுக்கு ஒரு போர்டு எழுதி வாங்கி வா: 'இங்கு அரசியல் பேசக்கூடாது.' அதன் கீழே, 'அரிசியும்' என்று பெரிதாக எழுதச் சொல்.